மதியம் வந்தாலும் பரவாயில்லை

செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்கிறேன். கை தானாகப் போகிறது. புல்லிவட்டம், அல்லிவட்டம், நடுவில் நீளமாக ஒரு தண்டு. கை போகிறவரைக்கும் நல்லது, இந்தப் பிள்ளைகளுக்கு என் முதுகுதான் தெரியும். "எஸ்தரா?" என்றார் காலையில் போனில் அந்த ஆள். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அப்புறம், "ஆமா ஆமா, சொல்லுங்க டீச்சர்." அந்த இடைவெளியில் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், இல்லை, தாளிக்கிற சத்தம், எதுவாக இருந்தால் என்ன, இடைவெளி இருந்தது. சொந்தப் பெண்டாட்டி பெயரைக் கேட்டு எந்தப் புருஷன் அப்படித் தயங்குவான்? ஆனால் எஸ்தரின் புருஷன்தான் போனை எடுத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டுவிட்டேன், நினைத்ததை மாற்றிக்கொள்ள எனக்கு நேரமாகும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிள்ளை வரவில்லை என்றால் முதல் இடைவேளைக்குள் வீட்டுக்குப் போன் செய்துவிட வேண்டும், எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து என்று சொன்னதுமே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள், பள்ளிக்கூடம் கூப்பிடுவது புகார் சொல்லத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் முதலில் வீட்டு விஷயம் ஏதாவது தெரிந்த மாதிரி ஒரு வார்த்தை போடு, தம்பிக்கு ஜுரம் விட்டுச்சா, மாமியாருக்கு முட்டிவலி தேவலாமா, அப்புறம் விஷயத்துக்கு வா. பக்கத்து வகுப்பு சுலோச்சனா டீச்சரைப் பார்த்து நான் பழகிக்கொண்ட வழி அது. இப்போது அவரைவிட நான் கெட்டிக்காரி. "எஸ்தர் அக்கா வீடுங்களா? நிரோஷாவோட கிளாஸ் டீச்சர் பேசறேன்" என்று அப்படி ஒரு இனிமையோடு ஆரம்பித்தேன். அந்தக் குரல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்பாவுக்கு இருந்தது பிராட்வே நெரிசலில் மீன்பாடி வண்டிக்கு வழிகேட்டுக் கத்துகிற குரல். அம்மாவுடையது கத்தாத குரல், கிட்டத்தட்டக் குரலே இல்லாத குரல். நான்தான் கல்லூரிக்குப் போய் இந்தக் குரலைக் கொண்டுவந்தேன், துணிக்கடைப் பை மாதிரி வீட்டுக்குள் பெருமையாகத் தூக்கிவந்தேன். அந்தக் குரலில்தான் சொன்னேன்: "பாப்பா இன்னிக்கு வரலைங்க. அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி வரணும், எனக்குத் தெரியுது, இருந்தாலும் அனுப்பிவிடுங்க. மதியம் வந்தாலும் பரவாயில்லை." "கண்டிப்பா டீச்சர்" என்றார். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன். இதை எத்தனை விதமாகச் சொல்லலாம்? மருந்து வாங்கிக் கொடுக்கிறவன் சொல்வான். காவலுக்கு நிற்கிறவன் சொல்வான். "மிஸ், 'சூல்பை'ய ரெண்டு தபா எழுதிட்டீங்க" என்று லோகேஷ் கத்துகிறான், வகுப்பு சிரிக்கிறது, "டேய், ரெட்டைப் புள்ள பெத்துக்கற பூவுடா அது" என்கிறாள் ஜீவிதா, இன்னும் பெரிதாகச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒன்றை அழிக்கிறேன். அழிக்கும்போதுதான் மறுபடியும் அந்த போனுக்கே வந்து நிற்கிறேன்: நான் போன் செய்தது எஸ்தரின் எண்ணுக்கு இல்லை, நிரோஷாவின் அம்மா எண்ணுக்கு. அம்மாவின் போன் அம்மாவிடம்தான் இருக்கும் என்று எந்த டீச்சரும் நினைப்பாள். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. போன வாரம் கைகழுவுகிற குழாயடியில், தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் நிரோஷா சொன்னாள்: "மிஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ். நாங்க எங்க வூட்ல இல்ல. எஸ்தர் அக்கா வூட்ல கீறோம், எங்கம்மாகூட எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கறாங்களே, அவங்க. எங்கப்பா நாங்க ஊருக்கு, செஞ்சிக்குப் பூட்டோம்னு நெனச்சினு கீறாரு." ஏன் என்று கேட்டேன், கேட்டிருக்கவே வேண்டாம். "அம்மாவுக்கு இந்தக் காது இப்ப கேக்கல மிஸ்" என்றாள், தன் காதைத் தொட்டுக் காட்டி, பென்சில் தொலைந்துபோனதைச் சொல்வது மாதிரி. "போன எடுக்கக்கூட டைம் இல்ல மிஸ். நான் ஸ்கூல் பேக்க மட்டும் எடுத்துனு ஓடியாந்துட்டேன்." அங்கேதான் நான் தவறினேன். ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள் என்பதில் பூரித்துப்போனேன். எட்டாம் வகுப்புப் பெண், அப்படிப்பட்ட ராத்திரியில், என் பாடப் புத்தகம் இருக்கிற பையை எடுத்திருக்கிறாள். போனைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஒரு டீச்சர் மட்டும்தான் இப்படித் தவறுவாள். அவள் தலையில் கை வைத்து, "எது நடந்தாலும் ஸ்கூலுக்கு மட்டும் வந்துடு, லேட்டானாலும் வா" என்றேன். அவளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் வியர்த்துக்கொண்டு, தாமதமாக, இரண்டு பஸ் மாறி.

தப்பு நடந்துவிட்டது என்பதை மனது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, சுற்றிச் சுற்றி வந்து வேறு வாசல் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒருவேளை அம்மாவே போய்ப் போனை வாங்கி வந்திருக்கலாம். ஒருவேளை சமாதானமாகி எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒருவேளை அவள் சொன்ன அளவுக்கு அவள் அப்பா மோசமில்லாமல் இருக்கலாம், பிள்ளைகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். சீ. இதை நினைத்தது யார்? இதுவும் நான்தான். நான் வளர்ந்த வீட்டு வரிசையில் எந்த வீட்டில் திடீரென்று டிவி சத்தம் கூடினாலும் அதற்குப் பக்கத்து வீட்டில் அடி விழுகிறது என்று அர்த்தம். அம்மா எழுந்து போய் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள், "நீ படி" என்பாள். நான் படித்தேன். விளம்பரப் பாட்டுக்கும் அழுகைக்கும் நடுவில் உட்கார்ந்து ஒளிச்சேர்க்கையை மனப்பாடம் செய்தேன், மார்க் வாங்கினேன், பட்டம் வாங்கினேன். மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வரும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் பழகினேன். காலையில் போனில் அவர் பேசிய அந்தக் குரல், அந்த மரியாதை, எனக்குப் புதிதில்லை. கை நீட்டுகிறவர்கள் வெளியாட்களிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவார்கள், எங்கள் வரிசையில் அதிக மரியாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். இது தெரிந்தும் எனக்குத் தெரியவில்லை. இடைவேளை முடிந்து பெல் அடித்த பிறகுதான், படி ஏறும்போது, பாதிப் படியில், போன எடுக்கக்கூட டைம் இல்ல மிஸ் என்ற வார்த்தை பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டது. திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். எஸ்தரின் எண் என்னிடம் இல்லை. எஸ்தர் வீடு எந்தப் பேட்டையில் என்று மட்டும் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பதே இப்போது பயமாக இருக்கிறது, வாயில் அடக்கிவைத்திருக்கிற சூடான பருக்கை மாதிரி.

கதவருகில் ஆயாம்மா நிற்கிறார், இடுப்பில் கை. "மேகலா டீச்சரு, கீய உன்னக் கேட்டுனு ஒரு ஆளு வந்துகீறாரு. நிரோசா அப்பனாம். நல்ல மாதிரியா கீறாரு, செருப்ப வெளிய வுட்டுட்டு நிக்கறாரு." சாக்பீஸ் கையிலிருந்து விழுகிறது, ஜீவிதா எடுத்துக் கொடுக்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், அவள் நிரோஷாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், அவளுக்கு எவ்வளவு தெரியும்? "படம் வரைங்க" என்கிறேன். "கலரு அடிக்கலாமா மிஸ்?" "அடிங்க." படி இறங்கும்போது வினோதமாக ஒரு சந்தோஷம் வருகிறது: இங்கே வந்திருக்கிறார் என்றால் அங்கே போகவில்லை, எஸ்தர் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது, நான் முழுதாகச் சொல்லிவிடவில்லை. அடுத்த படியிலேயே அது செத்துப்போகிறது. அங்கே போகவில்லை என்றால் இங்கே ஏன் வந்திருக்கிறார்? மதியம் வந்தாலும் பரவாயில்லை. அவளை வரவழைத்தவளும் நான், அவள் வருவாள் என்று அவருக்குச் சொன்னவளும் நான். கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமரத்தடியில் நிற்கிறார். ஒல்லியான ஆள். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் பிளாஸ்டிக் பை, பிரியாணி வாசனை. "வணக்கம் டீச்சர். தணிகாசலம். காலைல போன் பண்ணீங்களே." "அவ இன்னும் வரலைங்க." "பரவால்ல டீச்சர், மத்தியானம் வரும்னு நீங்கதான சொன்னீங்க." சிரிக்கிறார், நல்ல பற்கள், நிரோஷாவுக்கும் அதே பற்கள்தான். "பாப்பாவுக்கு லெக் பீஸ் புடிக்கும். நான் வூட்ல இருந்தா பொங்கலோ தீவாளியோ, அதுதான் கேக்கும்." உண்மையாகவே சொல்கிறார் என்று தோன்றுகிறது, அதுதான் தாங்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர்கூட மினுங்குகிறது. "அந்த எஸ்தர் வூடு எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். நான் போய் கூட்டினு வந்துடறேன், உங்களுக்கும் தொந்தரவு இல்ல." "தெரியாதுங்க." "ரெண்டு பஸ்ஸுன்னீங்க?" என் குரலைத் தேடுகிறேன், அந்த இனிமையான குரல், காலையில் இருந்ததே, எங்கே போயிற்று? வருவது அம்மாவின் குரல். "இங்க எல்லாப் பிள்ளைங்களும் ரெண்டு பஸ் மாறித்தான் வருதுங்க." அவர் தலையை ஆட்டிக்கொள்கிறார், ஒரு குழந்தை பொய் சொல்லும்போது நான் ஆட்டுகிற மாதிரியே. "செரி டீச்சர். நீங்க போய் க்ளாஸ் எடுங்க. நான் வெளிய நிக்கறேன். வந்தா இந்த கேட்டுக்குத்தான வரணும்."

வகுப்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது. எதிர்ப்புறச் சுவரில் சாய்ந்து நிற்கிறார், சுவரில் குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், அவர் முதுகு கடைசி எண்ணை மறைத்திருக்கிறது. எனக்கு அது மனப்பாடம், நானே இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வராந்தாவின் மூலைக்குப் போய்க் கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது, அப்பா இப்போது என்ன செய்கிறார். பிரியாணி வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லும்போது எனக்கே அபத்தமாக இருந்தது. ஆள் கிளம்பி வருவார்கள், அதுவரை குழந்தையை உங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். குழந்தை என்னோடு இருந்தால்தானே. தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. சுலோச்சனா டீச்சர் தன் வகுப்புக் கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அவன் பெத்தவன். நாளைக்கே புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணாயிடுவாங்க, நீ நடுவுல நிப்ப. எத்தனை பாத்துட்டேன். எச்.எம். வரட்டும்." திரும்பிப் போனவர் நின்று, மெதுவாக, "நீ டெம்ப்ரவரி, மேகலா. அத மறந்துடாத" என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். நான் மறப்பதே இல்லை. தூங்கும்போதுகூட மறப்பதில்லை. பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, காத்திருந்து, கடைசியில் இந்தத் தற்காலிக வேலை, எங்கள் தெருவில் என் பெயரை யாரும் சொல்வதில்லை, "டீச்சரு" என்றுதான். பள்ளி நேரத்தில் கேட்டைத் தாண்டினால் போய்விடக்கூடிய வேலை. இதை எடைபோட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேனே, இதுவும் சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வதுதானே? தெருமுனையில் ஒரு வெள்ளை ரிப்பன் தெரிகிறது, இல்லை, அது வேறு பள்ளிப் பெண், சீருடை வேறு. தினமும் இந்த ஜன்னலில் நின்று, வந்துவிடு வந்துவிடு என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது வராதே என்கிறேன். ஜுரம் வரட்டும், பஸ் கெட்டுப்போகட்டும், என் மேல் கோபம் வரட்டும், வராதே. ஆனால் அவள் வருவாள். நான் சொன்னால் செய்கிற பெண். செம்பருத்தி படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான் லோகேஷ், பூ முழுக்க நீலம். "செம்பருத்தி நீலமாடா?" "செவப்பு கலர அப்சல் தர மாட்டேன்றான் மிஸ்." "கஞ்சப்பய மிஸ் இவன், போனதடவ என் செவப்ப இவன்தான் தேச்சே தீத்தான்" என்று அப்சல் எழுந்து நிற்கிறான். நன்றாக இருக்கிறது, உட்கார் என்கிறேன். நீலப் பூவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சாப்பாட்டு பெல் அடித்ததும் பிள்ளைகள் தட்டுகளோடு ஓடுகிறார்கள், அந்தக் கூச்சலுக்குள் நான் படி இறங்கி கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன், வந்தபிறகுதான் வந்துவிட்டேன் என்று தெரிகிறது. பஸ் ஸ்டாப் தெருமுனை திரும்பினால் இருக்கிறது, கேட்டிலிருந்து தெரியாது, அவள் இறங்குகிற இடத்தில் முதலில் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் யோசிக்கவில்லை. அவர் சுவரிலிருந்து நிமிர்கிறார். "எங்க டீச்சர் கெளம்பிட்டீங்க?" "சாப்பாடு எடுத்துட்டு வரல. வாங்கப் போறேன்." "அடடா." பையை நீட்டுகிறார். "இத சாப்டுங்க டீச்சர். பாப்பா வந்தா வேற வாங்கிக்கலாம்." வாசனை நேராக மூக்குக்கு வருகிறது, காலையில் சாப்பிடாத வயிறு வெட்கமில்லாமல் இழுக்கிறது. "இல்லைங்க, நான் சைவம்." வாழ்க்கையில் முதல் தடவையாக இதைச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தலைக்கறி. "ஓ. அய்யரூட்டம்மாவா?" என்று தலையிலிருந்து கால்வரை பார்க்கிறார், நம்பவில்லை, நான் எங்கிருந்து வந்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் வரிசை ஆட்கள் எங்கே நின்றாலும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுகொள்வார்கள். "போய்ட்டு வாங்க" என்கிறார். நடக்கிறேன். ஓடக் கூடாது. முதுகு முழுக்கக் கண்ணாக இருக்கிறது. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா, வரவில்லை, வருகிறது, அது என் செருப்பு.

முதல் பஸ்ஸில் ஒரு கிழவரும் காய்கறிக்காரியும் இறங்கினார்கள். அடுத்த பஸ் நிற்பதற்கு முன்பே அவளைப் பார்த்துவிட்டேன், படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக, குதிக்கத் தயாராக, தோளில் அந்தப் பை. "மிஸ்! இன்னா மிஸ் இங்க நிக்கறீங்க? லேட்டாயிட்ச்சி மிஸ், அம்மாவ காது டாக்டராண்ட இட்டுனு போயிட்டு..." "ஏறு" என்கிறேன். "ஸ்கூலு மிஸ்?" "மேல ஏறு நிரோஷா." அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளி நானும் ஏறிவிட்டேன், விசில் அடித்துவிட்டார்கள், பஸ் முனை திரும்புகிறது. அப்போதுதான் நினைவு வருகிறது, இந்த பஸ் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகும். நானே ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான், கேட்டுக்கு நேராக ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது, பஸ் நின்றுவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "குனி" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று நினைத்தேன். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலை என் மடியில் இருந்தது, முழங்கால் மடிந்து, பை மேலே வந்து முதுகை மூடியிருந்தது, உடம்பு பாதியாகச் சுருங்கியிருந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் மெதுவாக எழுகிற பெண். இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை முறை செய்து பார்த்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வரும்? என் கை அவள் தலைமேல் இருக்கிறது. நானும் குனிய வேண்டும், குனியவில்லை, இரண்டு பேர் குனிந்தால் இன்னும் தெரியும். சுவரோரம் நிற்கிறவர் ஹாரன் சத்தத்துக்குத் திரும்புகிறார். என்னைப் பார்க்கிறார். சாப்பாடு வாங்கப் போன டீச்சர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். பையைப் பிடித்த கையை நெற்றிவரை தூக்கி வணக்கம் சொல்கிறார், சிரிக்கவில்லை. நானும் தலையை ஆட்டுகிறேன். அப்புறம் அவர் கண்கள் என்னை விட்டு பஸ்ஸின் முன்பக்கத்துக்குப் போகின்றன, ஊர்ப்பெயர் எழுதியிருக்கிற பலகைக்கு, உதடுகள் அசைகின்றன, எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். ஒரு அடி எடுத்து வைக்கிறார். இன்னொரு அடி. "லாரிய எடுய்யா யோவ்" என்று டிரைவர் கத்துகிறார். மடியிலிருந்து, பையின் துணிக்குள்ளிருந்து, வந்திருப்பது யார் என்று நான் இன்னும் சொல்லவே இல்லாத அந்தப் பெண், உதடு மட்டும் அசைகிற குரலில் கேட்கிறாள்: "பூட்டாரா மிஸ்?" "இன்னும் இல்ல" என்கிறேன். "எந்திரிக்காத."